எந்த ஆண்டின் கப்பல்? மரக் கப்பல் மாதிரி செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

மரத்தில் கப்பல் மாதிரி செய்ய ஆசை என்று யாராவது சொன்னால், “எந்தக் கப்பல்?” என்று கேட்ட கையோடு “எந்த ஆண்டு?” என்றும் கேட்பேன். பலருக்கு இரண்டாவது கேள்வி புரிவதில்லை. கப்பலுக்குப் பெயர் இருக்கிறது, பெட்டியின் மேல் படம் இருக்கிறது, உள்ளே நீளமாக அறுத்த மெல்லிய மரப்பட்டைகளும் நூலும் இருக்கின்றன. இதில் ஆண்டு எங்கிருந்து வந்தது என்று தோன்றும்.

பிரிட்டிஷ் கடற்படையின் விக்டரியை எடுத்துக்கொள்வோம். 1765 மே 7 அன்று சாத்தம் கப்பல் கட்டுந்துறையில் அது நீரில் இறங்கியது. அப்போது அதன் பின்புறத்தில், அதிகாரிகள் வெளியே வந்து நிற்கக்கூடிய திறந்த மாடங்கள் இருந்தன. முன்முனையில் உருவங்கள் நெருக்கமாகச் செதுக்கிய பெரிய சிற்பம் இருந்தது. நீருக்குள் இருக்கும் அடிப்பகுதியில் செம்புத் தகடு கிடையாது; அது 1780-இல்தான் வந்தது. பிறகு 1800 முதல் 1803 வரை பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. திறந்த மாடங்களை மூடினார்கள். முன்முனைச் சிற்பத்தை எடுத்துவிட்டு, எளிமையான அரசச் சின்னம் ஒன்றை வைத்தார்கள். 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் போரில் நெல்சன் நின்றது இப்படி மாறிப்போன கப்பலின் தளத்தில்.

இப்போது யோசித்துப் பாருங்கள். திறந்த மாடமும் செம்புத் தகடும் சேர்ந்து இருக்கலாமா? இருக்கலாம், 1780-க்கும் 1800-க்கும் நடுவில் என்றால். திறந்த மாடமும் புதிய அரசச் சின்னமும் சேர்ந்து இருக்கலாமா? முடியாது. அப்படி ஒரு கப்பல் எந்த நாளும் கடலில் மிதந்ததில்லை. ஆனால் மாதிரியில் அது மிக எளிதாக உருவாகிவிடும். ஒரு படத்தைப் பார்த்து பின்புறமும், வேறொரு படத்தைப் பார்த்து முன்புறமும் செய்தால் போதும்.

சரித்திரத் துல்லியம் என்று இந்தக் கலையில் சொல்வது இதைத்தான். மாதிரியில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாமே, அசல் கப்பலில் ஒரே நாளில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். நாம் செய்வது விக்டரியின் மாதிரி என்பதைவிட, விக்டரியின் ஒரு நாளின் மாதிரி என்பது சரி.

பொறுமையும் இங்கேதான் தொடங்குகிறது. பசை காயும்வரை காத்திருப்பதும், சின்னச் சின்ன வேலையைச் சலிக்காமல் செய்வதும்தான் பொறுமை என்று நானும் நினைத்திருந்தேன். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அதைவிடக் கடினமான பொறுமை ஒன்று உண்டு: ஒரு துண்டை ஒட்டுவதற்கு முன்னால், “இது அந்த ஆண்டில், அந்த இடத்தில், இந்த அளவில் இருந்ததா?” என்று கேட்டு, பதில் கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. துண்டு கையில் இருக்கும், பசையும் திறந்து இருக்கும். அந்த நேரத்தில் எழுந்து போய் வரைபடத்தைப் பார்க்க மனம் வரவேண்டும்.

காகித மனிதன்

அளவு விகிதத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1:64 என்றால் அசலில் 64 மி.மீ. இருப்பது மாதிரியில் 1 மி.மீ. இந்தக் கலையில் அடிக்கடி வரும் விகிதங்கள் 1:48, 1:64, 1:72, 1:96, 1:100. இவற்றில் 1:48-க்கும் 1:96-க்கும் ஒரு காரணம் உண்டு. அடி, அங்குலக் கணக்கில் ஓர் அடியைக் கால் அங்குலமாகச் சுருக்கினால் 1:48, எட்டில் ஒரு பங்கு அங்குலமாகச் சுருக்கினால் 1:96. விக்டரியின் பீரங்கித் தளம் மட்டுமே 186 அடி நீளம். 1:64-இல் அது 89 செ.மீ. வரும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாய்மரத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.

விகிதம் முடிவானதும் நான் எப்போதும் செய்கிற முதல் வேலை, கெட்டி அட்டையில் ஒரு மனித உருவம் வெட்டுவது. 168 செ.மீ. உயரமுள்ள மாலுமி 1:64-இல் 26 மி.மீ. வருவார். மாதிரியின் ஒவ்வொரு பகுதி முடியும்போதும் அவரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்துவேன். இந்தக் கதவுக்குள் குனிந்தாவது நுழைவாரா? இந்தக் கைப்பிடிச் சுவருக்கு மேல் அவர் தலை தெரிகிறதா? சுக்கான் சக்கரத்தின் பிடி அவர் கைக்கு எட்டுகிறதா? கயிறு கட்டும் முளையை அவர் கையில் எடுத்தால் அது முளையாக இருக்குமா, உலக்கையாக இருக்குமா?

கடைசிக் கேள்வி வேண்டுமென்றே போட்டது. அந்த முளை அசலில் சுமார் 16 அங்குலம். 1:64-இல் 6 மி.மீ.-க்குக் கொஞ்சம் மேல். ஆனால் பல கிட்களில், அதாவது பாகங்களோடு விற்கும் மாதிரிப் பெட்டிகளில், வருவது 10 மி.மீ., சில நேரம் 12 மி.மீ. பன்னிரண்டு என்றால் அசல் கணக்கில் இரண்டரை அடி உயர முளை! தனியாகப் பார்க்கும்போது தவறு தெரியாது, அழகாகக் கடைந்த மரத்துண்டு போலத்தான் இருக்கும். காகித மனிதன் பக்கத்தில் நின்றதும் உடனே தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலைதான். தொடங்குகிறவர் ஒருவர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

சுருங்க மறுக்கும் பொருள்கள்

எல்லாவற்றையும் 64-ஆல் வகுத்துவிடலாம், மரத்தின் ரேகையை வகுக்க முடியாது. இது புரிய எனக்கு நாளாயிற்று.

1817-இல் பம்பாய் கப்பல் கட்டுந்துறையில் நீரில் இறங்கிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் இருக்கிறது. முழுக்கத் தேக்கு. அதன் மாதிரியை அசலைப் போலத் தேக்கிலேயே செய்தால் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும். செய்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். தேக்கின் ரேகையும் துளைகளும் பெரியவை. 4 மி.மீ. அகலப் பட்டையில் இரண்டு ரேகை ஓடினாலே, அசல் அளவில் அது கை அகலத்துக்கு ஒரு கோடு போட்ட விநோதமான மரமாகிவிடும். ஓக் மரமும் அப்படித்தான். அதனால் கைதேர்ந்தவர்கள் பேரி மரம், பாக்ஸ்வுட், மேப்பிள், செர்ரி என்று ரேகை நெருக்கமான மரங்களைத் தேடுகிறார்கள். கிட்களில் அதிகம் வரும் வால்நட் பட்டையில் நல்லதும் உண்டு, சொரசொரப்பானதும் உண்டு. ரேகை அதிகம் தெரியும் பட்டைகளைத் தனியே பிரித்து வைத்து, வண்ணம் பூசப்போகும் இடங்களுக்கு ஒதுக்கிவிடலாம். அசல் மரத்தையே பயன்படுத்தினால் பொய்யாகவும், வேறு மரத்தைப் பயன்படுத்தினால் உண்மையாகவும் தெரியும் என்பது இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

தளப் பலகைகளுக்கு நடுவே தெரியும் கறுப்புக் கோடும் இதே வகைதான். பலகை இடுக்கில் பழைய கயிற்று நாரை அடைத்து, மேலே கீல் ஊற்றுவார்கள். அசலில் அந்தக் கோடு விரல் அகலம்கூட இருக்காது. 1:64-இல் அது 0.1 மி.மீ. அளவு. கறுப்பு நூலையோ தடித்த பேனாவையோ பயன்படுத்தினால் தளம் வரிக்குதிரை போல ஆகிவிடும். பலகையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு முறை தேய்த்துவிட்டு ஒட்டினாலே போதும்.

செம்புத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கப்பல் புழு மரத்தைத் துளைக்காமல் இருக்கவும், அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கவும் வந்த ஏற்பாடு அது. பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் அலாரம் என்ற கப்பலில் சோதித்துப் பார்த்தது. 1779-க்குப் பிறகு கப்பல் கப்பலாக அடித்துக்கொண்டே போனது. அதற்கு முன்பு திமிங்கில எண்ணெய், குங்கிலியம், கந்தகம் கலந்த வெளிர் நிறப் பூச்சு ஒன்றுதான் அடிப்பகுதிக்குக் காவல். ஆகவே 1765-ஆம் ஆண்டு விக்டரிக்குச் செம்பு ஒட்டினால், எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் தவறு. 1805-க்கு ஒட்ட வேண்டும். தகடு ஒன்று 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 1:64-இல் 19 மி.மீ. நீளம், ஐந்தரை மி.மீ. அகலம். ஆணியின் தலை தகட்டோடு சமமாக இறங்கி இருக்கும். ஆனால் மாதிரிக்கென்று விற்கிற தகடுகளில் புள்ளி புள்ளியாக ஆணித்தலை புடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை அசலுக்குப் பெருக்கினால் ஒவ்வொரு ஆணியும் ஒரு கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்கும். என் கருத்தைக் கேட்டால், புடைப்பில்லாத வழவழப்பான தகடே மேல். ஆணியே தெரியாத தகட்டில் இருக்கும் பிழை சிறியது, புடைத்த ஆணியில் இருக்கும் பிழை பெரியது.

கயிற்றில் இன்னொரு பொறி உண்டு. பழைய ஆவணங்கள் கயிற்றின் தடிமனைச் சுற்றளவில் சொல்கின்றன. 1794-இல் லண்டனில் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட கயிற்று அட்டவணைகளில் 18 அங்குலம் என்று ஒரு கயிறு இருந்தால், அது விட்டம் இல்லை. 18-ஐ 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 5.7 அங்குலம்; 1:64-இல் 2.3 மி.மீ. சுற்றளவை விட்டம் என்று எடுத்துக்கொண்டவர் 7 மி.மீ. நூலைத் தேடிக்கொண்டிருப்பார்.

யார் சொன்னதை நம்புவது?

சரி, அந்த ஆண்டில் அது எப்படி இருந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாச் சான்றும் ஒரே தரம் இல்லை என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

கப்பலே மிஞ்சியிருந்தால் அதற்கு நிகர் இல்லை. சுவீடனின் வாசா 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து, 1961-இல், கிட்டத்தட்ட முழுதாகவே மேலே வந்தது. பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் கப்பல் புழு வாழாததுதான் காரணம். அந்தக் கப்பலுக்குள் நான்கு அளவுகோல்கள் கிடைத்தன. இரண்டு, 12 அங்குலம் கொண்ட சுவீடிஷ் அடிக்கோல்கள். மற்ற இரண்டும் 11 அங்குலம் கொண்ட ஆம்ஸ்டர்டாம் அடிக்கோல்கள். ஒரே கப்பலில் வேலை செய்த தச்சர்கள் இருவேறு அடியில் அளந்திருக்கிறார்கள்! கப்பலின் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல இல்லை. மாதிரியில் இரு பக்கமும் இம்மி பிசகாமல் ஒன்றாக வரவேண்டும் என்று நாம் தவிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

வாசாவிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. அதன் சிற்பங்களுக்குப் பின்னணி நிறம் நீலம் என்றுதான் முதலில் எண்ணினார்கள். பிறகு மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துணுக்குகளை ஆராய்ந்து, அது சிவப்பு என்று திருத்திக்கொண்டார்கள். விக்டரியும் அப்படித்தான். வண்ண அடுக்குகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த பிறகு, பல காலம் இருந்த அடர் மஞ்சளை விட்டு, 2015-இல் வெளிறிய நிறத்துக்கு மாறியது. அசல் கப்பலே தன் நிறத்தைத் திருத்திக்கொள்ளும்போது, பழைய கிட் பெட்டியின் மேல் இருக்கும் படத்தை எப்படிக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்வது?

கப்பல் இல்லாவிட்டால் அது கட்டப்பட்ட காலத்து வரைபடம். பிரிட்டிஷ் கடற்படையின் பழைய கப்பல் வரைபடங்கள் பெரிய தொகுப்பாக கிரீன்விச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாலுமிகளின் கலகத்தால் பெயர் பெற்ற பவுண்டி, 1784-இல் பெத்தியா என்ற வணிகக் கப்பலாகப் பிறந்தது. 1787-இல் கடற்படை அதை வாங்கி, டெட்ஃபர்டில் மாற்றி அமைத்தபோது வரைந்த படங்கள் மிஞ்சியிருக்கின்றன. அதனால் பவுண்டியைச் செய்கிறவருக்கு உறுதியான நிலம் இருக்கிறது.

இன்னொரு கோடியில் கொலம்பஸின் சாந்தா மரியா. வரைபடம் இல்லை, நம்பத்தக்க அளவும் இல்லை. 1492 கிறிஸ்துமஸ் நேரத்தில் ஹெய்ட்டிக் கரையில் தரைதட்டி உடைந்துபோனது. இன்று நாம் பார்க்கும் ஒவ்வொரு சாந்தா மரியாவும், அந்தக் காலத்து மற்றக் கப்பல்களைப் பற்றித் தெரிந்ததை வைத்து ஒருவர் எடுத்த முடிவு. அதைச் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

அந்தக் காலத்து மாதிரிகளையும் ஓவியங்களையும் பயன்படுத்தலாம், ஆனால் குறுக்கு விசாரணை செய்துதான். 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்த மாதிரிகள் 1:48-இல் அற்புதமாக இருக்கும். அடிப்பகுதியில் பலகை போடாமல் வங்குகளைத் திறந்தே விட்டிருப்பார்கள். கப்பலின் விலா எலும்புகளைத்தான் வங்கு என்கிறோம். ஆனால் அந்த வங்குகள் அமைந்த விதம் அழகுக்காக ஒழுங்குபடுத்தியது; அசல் கப்பலில் அப்படி இல்லை. ஓவியம் என்றால், வரைந்தவர் அந்தக் கப்பலைப் பார்த்திருக்க முடியுமா என்பதே முதல் கேள்வி. வில்லெம் வான் டி வெல்ட என்ற டச்சு ஓவியர் போர்க்கப்பல்களோடு கடலுக்கே போய், பார்த்துப் பார்த்துக் கோட்டோவியங்கள் வரைந்தவர். அவருடைய கோட்டுக்கு ஒரு மதிப்பு. நூறு ஆண்டு கழித்து வீட்டிலிருந்து வரைந்தவரின் கோட்டுக்கு வேறு மதிப்பு.

பலகை ஒட்டுவது

இனி கைவேலை. தொடங்குகிறவர் செய்யும் மாதிரியில் பெரும்பாலும் நடுவே ஒரு முதுகெலும்பு இருக்கும். கப்பலில் அதன் அடிமரத்துக்கு ஏரா என்று பெயர். அதில் குறுக்கே வரிசையாகத் தடுப்புப் பலகைகள். அவற்றின் மேல் மெல்லிய பட்டைகளை ஒட்டி உடலை மூட வேண்டும். கேட்க எளிது. மிகப் பல மாதிரிகள் இந்தக் கட்டத்தில்தான் பாதியில் நின்று பரணுக்குப் போகின்றன.

என் முதல் மாதிரியும் இங்கேதான் கெட்டது. மூன்று பாய்மரப் பெரிய கப்பல். பெட்டியில் வந்த 5 மி.மீ. பட்டைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தேன். நடுப்பகுதி அழகாக வந்தது. அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, வரவர ஒவ்வொரு பட்டையும் முந்தைய பட்டையின் மேல் ஏறப் பார்த்தது. நான் க்ளிப் போட்டு அழுத்தினேன். பசை காய்ந்ததும் க்ளிப்பை எடுத்தால் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. கையில் பலம் போதவில்லை என்று நினைத்தேன். காரணம் கணக்கில் இருந்தது.

கணக்கு இதுதான். நடுத் தடுப்பின் ஓரத்தில் தளத்திலிருந்து ஏரா வரை ஒரு காகிதப் பட்டையை வைத்து அளந்தால் 120 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. பட்டை என்றால் 24 பட்டைகள் வேண்டும். அதே 24 பட்டைகளும் அணியத்தில் போய் முடிய வேண்டும். ஆனால் அங்கே ஓரத்தின் நீளம் 72 மி.மீ.தான். ஆக ஒவ்வொரு பட்டையும் அணியத்தில் 3 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். குறுக்காமல் ஒட்டினால் மீதி 48 மி.மீ. மரம் எங்கே போகும்? ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மரம் தட்டையான பக்கம் வளையும், ஓரப் பக்கமாக வளையாது. ஒரு முட்டையின் மேல் காகிதப் பட்டையைச் சுற்றிப் பாருங்கள், ஓரம் தூக்குவது கண்ணுக்கே தெரியும்.

எனவே ஒட்டுவதற்கு முன்னால் அளப்பது. ஒவ்வொரு தடுப்பின் ஓரத்தையும் அளந்து, 24 சம பாகமாகப் பிரித்து, பென்சிலால் குறி போட்டுவிட்டு, ஒவ்வொரு பட்டையையும் அந்தக் குறிகளுக்கு ஏற்ப இழைத்துக் குறுக்க வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே குறுக வேண்டியிருந்தால், அங்கே இரண்டு பட்டைகளை ஒன்றாக முடித்துவிடுவார்கள். அசல் தச்சர்களும் அப்படித்தான் செய்தார்கள், மெல்லிய முனையில் ஆணி பிடிக்காது என்பதால். அமரத்தின் அடியில், அதாவது பின்முனையில், இதற்கு நேர்மாறாக இடம் விரியும். அங்கே ஆப்புப் போன்ற துண்டுப் பலகை ஒன்றைச் சேர்க்க வேண்டி வரும்.

அளப்பதற்கும் முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. தடுப்புகளின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்ப்பது. ஒரு பட்டையை ஒட்டாமல் உடலின் மேல் வைத்துப் பிடித்தால், அது எல்லாத் தடுப்பின் மேலும் முழு அகலத்துக்கும் பதிய வேண்டும். எங்கோ ஒரு தடுப்பின் கூரான ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால், உப்புத்தாள் சுற்றிய கட்டையால் இன்னும் தேய்க்க வேண்டும். நான் இதற்கு ஒரு மாலை என்று ஒதுக்கியிருந்தேன். இப்போதெல்லாம் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறேன். மாதிரியில் எந்த முன்னேற்றமும் தெரியாத வாரம் அது. ஆனால் பலகை வேலையின் தலையெழுத்து அந்த வாரத்தில் முடிவாகிறது.

பட்டையை வளைக்கத் தண்ணீரில் ஊறவைத்துச் சூடான இரும்பில் வளைக்கலாம். ஊறிய மரம் உப்பியிருக்கும். ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். வளைத்து, இடத்தில் க்ளிப் போட்டு, ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் எடுத்துப் பசை தடவி ஒட்டுவதே முறை. இடது பக்கம் ஒரு பட்டை ஒட்டினால் வலது பக்கமும் ஒன்று ஒட்டிவிட வேண்டும். ஒரே பக்கம் ஏழெட்டுப் பட்டை போய்விட்டால் ஏராவே அந்தப் பக்கம் இழுபட்டு வளைந்துவிடும்.

பலகையின் நீளத்திலும் சரித்திரம் இருக்கிறது. கிட்டில் வரும் பட்டை அணியத்திலிருந்து அமரம் வரை ஒரே நீளமாக ஓடும். அசலில் அவ்வளவு நீளமான பலகைக்கு மரம் ஏது? 24 அடிப் பலகை என்று வைத்துக்கொண்டால் 1:64-இல் 114 மி.மீ. இரண்டு பலகைகள் சேரும் மூட்டு ஒரு வங்கின் மேல் வரவேண்டும். அதே வங்கின் மேல் இன்னொரு மூட்டு வருவதற்கு முன்னால் நடுவில் மூன்று முழுப் பலகைகளாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. மூட்டுகள் நெருங்கி வந்தால் கப்பல் அந்த இடத்தில் பலவீனமாகும். மாதிரிக்கு அந்தப் பலம் தேவையில்லைதான். ஆனால் விதியைப் பின்பற்றி மூட்டு வைத்த தளத்தைப் பார்க்கும்போது, காரணம் தெரியாதவருக்கும் அது கப்பல் தளமாகத் தெரியும்.

பிரித்தெடுப்பது

வெள்ளைப் பசை அரை மணியில் பிடித்துக்கொள்ளும், முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். உடனடியாக ஒட்டும் பசை நொடியில் பிடிக்கும். தொடங்குகிறவருக்கு நான் வெள்ளைப் பசையையே சொல்வேன், ஏனென்றால் அதை அவிழ்க்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவி, கொஞ்ச நேரம் விட்டால் பசை இளகி, மெல்லிய கத்தியை நுழைத்துத் துண்டைச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம். மற்றதற்கு அசிட்டோன் வேண்டும். அது பக்கத்து வண்ணத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

பிரிக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. முன்பெல்லாம் தவறு கண்ணில் பட்டால், “யார் பார்க்கப் போகிறார்கள்” என்று மேலே போய்விடுவேன். அந்த இடத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் என் கண் அங்கேயே போய் நிற்கும். இப்போது தவறு தெரிந்த அன்று அதைத் தொடுவதில்லை. மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்து, தவறுதான் என்று தெரிந்தால் எடுத்துவிடுவேன். இரவில் பதற்றத்தோடு பிரித்ததில் நல்ல துண்டுகளையும் உடைத்திருக்கிறேன்.

கயிறு கட்டும்போது

கப்பல் கயிற்றில் இரண்டு குடும்பம். பாய்மரத்தை இழுத்துப் பிடித்து அசையாமல் நிற்பவை ஒன்று. மழையிலும் உப்புக் காற்றிலும் மக்காமல் இருக்க அவற்றுக்குத் தார் பூசுவார்கள், ஆகவே கருநிறம். பாயையும் குறுக்குக் கம்புகளையும் ஏற்றி இறக்கக் கப்பிகள் வழியாக ஓடுபவை மற்றொன்று. அவற்றுக்கு வெளிர் பழுப்பு நிறம். எல்லாவற்றையும் ஒரே நூலால் கட்டிய மாதிரியும், இரண்டையும் பிரித்துக் கட்டிய மாதிரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரியும்.

மாலுமிகள் ஏறிப்போகும் கயிற்றுப் படிகள் அசலில் ஒன்றுக்கொன்று 15 அங்குலம் அளவில் இருக்கும். 1:64-இல் 6 மி.மீ. ஒரு பக்கத்தில் 9 பக்கக் கயிறுகள், 30 படிகள் என்றால் 270 முடிச்சுகள். மூன்று பாய்மரம், இரண்டு பக்கம் என்று பெருக்கினால் 1,600-க்கு மேல். மேல் பாய்மரங்களின் படிகள் தனி. கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டினால் இடைவெளி மாறாது. முடிச்சை மிக இறுக்கினால் ஓரக் கயிறுகள் உள்ளே இழுபட்டு, இடுப்பு ஒடுங்கிய உடுக்கை போல ஆகிவிடும். ஐந்து படிக்கு ஒருமுறை எழுந்து தள்ளி நின்று பார்க்க வேண்டும். நான் ஒரு நாளைக்குப் பத்துப் படிக்கு மேல் கட்டுவதில்லை. பதினோராவது படியில் விரல் தானாக இறுக்கத் தொடங்கிவிடுகிறது.

எதில் தொடங்குவது

மூன்று பாய்மரக் கப்பலில் தொடங்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். 18-ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பல்கள் தம்மோடு கொண்டுபோன நீள்படகு ஒன்றைச் செய்யுங்கள். 26 அடிப் படகு 1:24-இல் 33 செ.மீ.; மேசையில் அடங்கும், கையில் தூக்கித் திருப்பிப் பார்க்கலாம். ஏரா, வங்கு, குறுகும் பலகை, ஒரு பாய்மரம், கொஞ்சம் கயிறு எல்லாமே அதில் உண்டு. பாதியில் நின்ற என் பெரிய கப்பலை ஒதுக்கி வைத்துவிட்டு நான் செய்து முடித்த முதல் மாதிரி அப்படி ஒரு படகுதான்.

எல்லாவற்றையும் துல்லியமாகச் செய்ய முடியுமா என்றால், முடியாது. 1:100-இல் பலகையின் மர ஆணியைக் காட்ட முயன்றால் அது அம்மைத் தழும்பு போலத்தான் வரும். விட்டுவிடுவதே உண்மைக்கு நெருக்கம். சான்று கிடைக்காத இடங்களும் இருக்கும். அங்கே அந்தக் காலத்து வழக்கத்தை வைத்து ஒரு முடிவு எடுத்து, அதைக் குறித்து வைக்க வேண்டும். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: தேதி, செய்த வேலை, எதைப் பார்த்துச் செய்தேன், எது என் ஊகம். மாதிரி முடிந்ததும் அதிலிருந்து சில வரிகளை எடுத்துச் சின்ன அட்டையில் எழுதிப் பீடத்தின் அடியில் ஒட்டிவிடுவேன். என் நீள்படகின் அடியில் இருப்பது இது: “1780-களின் நீள்படகு, 1:24. உடலின் வடிவமும் இருக்கைகளின் இடமும் அந்தக் காலத்து வரைபடத்தின்படி. உள்பக்க வண்ணம் வழக்கத்தை வைத்துத் தேர்ந்தது. பின்பலகையின் மேல் இருக்கும் சிறு அலங்காரம் என் ஊகம். சான்று கிடைத்தால் மாற்ற வேண்டும், வெள்ளைப் பசையால்தான் ஒட்டியிருக்கிறது.”